கத்துவது யார் வேலை?

அல்லிக்குளத்துப் புல்வெளியில் ஓர் ஆள்காட்டிக் குருவி நான்கு முட்டைகள் இட்டிருந்தது. அதன் பெயர் மஞ்சக்காலி. கால் இரண்டும் மஞ்சளாக இருந்ததால் வந்த பெயர். கூடு என்று சொல்ல அங்கே ஒன்றும் கிடையாது. சரளைக்கற்களுக்கு நடுவே சின்னதாக ஒரு பள்ளம், அதில் கல்லோடு கல்லாக நான்கு முட்டைகள். அவ்வளவுதான் வீடு.

ஆள்காட்டிக்கு மரத்தில் உட்காரத் தெரியாது. அதன் விரல்கள் கிளையைப் பிடிக்காது. வாழ்வதெல்லாம் தரையில்தான். அதனால் பயமும் அதிகம், வாயும் அதிகம். நரி வந்தால் கத்தும், சிறுத்தை வந்தால் கத்தும். எருமை வந்தாலும் கத்தும். ஒன்றுமே வராவிட்டால், ஏன் ஒன்றும் வரவில்லை என்று ஒரு தடவை கத்திப் பார்க்கும்.

மஞ்சக்காலியை மட்டும் குறை சொல்லிப் பயனில்லை. அந்தக் காட்டின் வழக்கமே அப்படித்தான். பார்த்தவர் கத்துவார், கேட்டவர் ஓடுவார். பாம்பைப் பார்த்து அணில் கத்தும். மேகத்தைப் பார்த்து மயில் அகவும். எது எதற்கான சத்தம் என்று தெரியாமல் புள்ளிமான்கள் எல்லாவற்றுக்கும் ஓடும். ஒரு நாளைக்குப் பத்துத் தடவை ஓடினால் எப்போது மேய்வது? மான்களுக்கு விலா எலும்பு தெரிய ஆரம்பித்தது.

மான்களில் மூத்தது பூம்பொறி. அது யானை மகாராணி வேழம்மையிடம் போய் நின்றது.

"ராணியம்மா, எங்களால முடியல! காலையில இருந்து நாலு தடவ ஓடிட்டோம். ஒண்ணு அணில், ஒண்ணு மயில், மீதி ரெண்டும் அந்த மஞ்சக்காலி! எதுக்குக் கத்துனேன்னு கேட்டா, எருமை மூச்சு விட்டுச்சாம்!"

வேழம்மை நல்ல ராணி. குடிகள் கண்ணைக் கசக்கினால் அதற்கு மனசு தாங்காது. ஆனால் எதையும் கொஞ்சமாகச் செய்யத் தெரியாது. இறங்கினால் முழுசாக இறங்கிவிடும். வம்பு அதில்தான்.

அன்றைக்கே எச்சரிக்கைத் துறை என்று ஒன்று உண்டாயிற்று. கருமுக மந்தி உச்சியப்பன் அதற்குத் தலைவன். குளக்கரையின் உயரமான மருதமரத்து உச்சியில் அதற்கு இடம். மகாராணி தும்பிக்கையைத் தூக்கி அறிவித்தது.

"இன்று முதல் இந்தக் காட்டில் எச்சரிக்கை கொடுப்பது அரசின் வேலை! குடிகள் யாரும் கத்தக் கூடாது. எதையாவது பார்த்தவர்கள் மருதமரத்தடிக்கு வந்து, மெதுவான குரலில் சொல்ல வேண்டும். உச்சியப்பன் தன் கண்ணால் பார்த்த பிறகே குரல் கொடுப்பார்!"

எல்லா மிருகங்களும் ஆரவாரம் செய்தன. மான்கள் துள்ளிக் குதித்தன. மஞ்சக்காலி மட்டும் விழித்தது.

"ஏங்க, அப்ப நம்ம வேலை என்ன?" என்று தன் இணையான செங்கண்ணனைக் கேட்டது.

"சும்மா இருக்கறதுதான்."

"சும்மான்னா எப்படி?"

"எனக்கும் தெரியல. பழகிடும்னு நினைக்கிறேன்."

பழகவில்லை. அன்று மாலை எருமை ஒன்று குளத்துக்கு வந்தது. மஞ்சக்காலியின் தொண்டைக்குள் கத்தல் முட்டிக்கொண்டு நின்றது. அலகை இறுக்க மூடி அதை விழுங்கியது. விழுங்கின கத்தல் வயிற்றுக்குள் போய் உருண்டது. அன்றைக்கு அதற்கு இரையே இறங்கவில்லை.

இரண்டு நாள் போயிற்று. மூன்றாம் நாள் உச்சிவெயில். செங்கண்ணன் குளத்துக்குப் போயிருந்தது. வெயில் ஏறினால் ஆள்காட்டிகள் வயிற்று இறகை நீரில் நனைத்து வந்து முட்டைகளைக் குளிர வைக்கும். மஞ்சக்காலி முட்டைகளின் மேல் உட்கார்ந்திருந்தது.

ஓடையோரக் கோரைப்புல்லுக்குள் இரண்டு காதுகள் தெரிந்தன. நரி!

பழைய மஞ்சக்காலியாக இருந்தால் அந்த நிமிஷமே வானத்துக்குப் போயிருக்கும். கத்திக்கொண்டே நரியின் மண்டையில் பாய்ந்திருக்கும். இப்போது உத்தரவு வேறு. அது அலகை மூடிக்கொண்டு மருதமரத்தை நோக்கி ஓட்டமாக ஓடியது.

"ஐயா, நரி!" என்று மெதுவாகச் சொன்னது.

உச்சிக்கிளையில் இலைகள் அசைந்தன. "யாரு? என்ன சொல்ற? காத்துல ஒண்ணும் கேக்கல!"

"நரிங்க!"

"சத்தமாச் சொல்லும்மா!"

"சத்தமாச் சொல்லக் கூடாதுன்னு உத்தரவு ஐயா!"

"அட, ஆமா," என்று உச்சியப்பன் பாதி மரம் இறங்கி வந்தது. "இப்ப சொல்லு."

"நரி வந்திருக்கு! ஓடைப்பக்கம், புல்லுக்குள்ள!"

உச்சியப்பன் மறுபடி உச்சிக்கு ஏறிப் பார்த்தது. "ஓடை நாலு எடத்துல வளையுது! எந்தப் புல்லு?"

மஞ்சக்காலி திரும்பிப் பார்த்தது. மரத்தடியிலிருந்து பார்த்தால் புல்வெளியே வேறு மாதிரி இருந்தது. ஓடையைக் காணோம். தன் வீட்டையும் காணோம். எங்கே பார்த்தாலும் ஒரே பச்சை. "அந்தப் பக்கம்... இல்ல, இந்தப் பக்கம்..." என்று அது தன்னையே சுற்றிக்கொண்டது.

அப்போது செங்கண்ணனின் அலறல் கேட்டது.

மஞ்சக்காலி பறந்து போய்ச் சேர்வதற்குள் நரி போய்விட்டது. செங்கண்ணன் நனைந்த வயிற்றோடு மூச்சு வாங்க நின்றது. பள்ளத்தில் மூன்று முட்டைகள் இருந்தன. நான்காவது இருந்த இடத்தில் ஈரம் மட்டும் இருந்தது.

மஞ்சக்காலி அழுதது. கத்தி அழவும் பயமாக இருந்தது. கத்தக் கூடாதே!

உச்சியப்பனும் இறங்கி வந்து பார்த்தது. அதன் கருமுகம் இன்னும் கறுத்துப் போனது. "என் கண்ணுக்குப் படல, தாயி. படாததை நான் எப்படிக் கத்துறது? பொய்ச் சத்தம் போட்டேன்னு நாளைக்கு ராணியம்மா என்னைத்தானே கேப்பாங்க?"

அது சொன்னதும் நியாயம்தான். மஞ்சக்காலிக்கு அதுதான் பெரிய தொல்லையாகப் போயிற்று. தப்புச் செய்தவர் யாராவது இருந்தால் திட்டிவிட்டு ஆறுதல் அடையலாம். உத்தரவு போட்டவரும் நல்லவர், மரத்தில் இருந்தவரும் நல்லவர். தானும் உத்தரவுப்படிதான் செய்தது. பிறகு முட்டை எப்படிப் போயிற்று? அதற்கு ஒன்றும் விளங்கவில்லை.

அழுத கண்ணோடு அது மகாராணியிடம் போயிற்று.

நடந்ததைக் கேட்டு மகாராணியும் அழுதது. யானையின் கண்ணீர் கொஞ்சமாகவா வரும்? தும்பிக்கை நனைந்தது. துடைத்துக்கொண்டு மறுபடி தும்பிக்கையைத் தூக்கியது.

"குடிகளை வாயை மூடச் சொன்னது தப்பு! இனிமேல் அரசும் குடிகளும் சேர்ந்தே கத்துவோம்! உச்சியப்பன் குரல் கொடுத்தால் எல்லாரும் கூடக் குரல் கொடுக்க வேண்டும். குடிகளில் யார் கத்தினாலும் உச்சியப்பனும் கத்த வேண்டும். ஒருவர் விடாமல்!"

எல்லா மிருகங்களும் ஆரவாரம் செய்தன. வாயை மூடச் சொன்ன உத்தரவுக்கு எவ்வளவு சத்தமோ, திறக்கச் சொன்ன உத்தரவுக்கும் அவ்வளவே சத்தம்.

பூம்பொறிக்கு ஒரு சந்தேகம். "ராணியம்மா, எல்லாரும் கத்துனா நாங்க எந்தப் பக்கம் ஓடணும்?"

"எல்லாரும் சேர்ந்து ஓடுங்க!"

"சரிங்க ராணியம்மா," என்று பூம்பொறி தலையாட்டியது. புரிந்த மாதிரி இருந்தது. வீட்டுக்குப் போகிற வழியில் யோசித்தபோது புரியவில்லை.

நான்கு நாள் கழித்துச் சிறுத்தை வந்தது.

இந்தத் தடவை உச்சியப்பனே பார்த்துவிட்டது. மேற்குக் கரையில் பாறைக்குப் பக்கத்தில் ஒரு வால் நுனி ஆடியது. "கக்! கக்! சிறுத்தை! மேக்குக் கரை!" என்று உச்சியிலிருந்து கத்தியது.

"கக்" என்பது மட்டும்தான் எல்லாருக்கும் கேட்டது. அதற்குப் பிறகு எதுவும் கேட்கவில்லை. ஏனென்றால் அணில் கத்தியது. மயில் அகவியது. மான்கள் கூவின. தவளைகூட விடவில்லை. மஞ்சக்காலியும் வானத்தில் ஏறி உயிரைக் கொடுத்துக் கத்தியது. எதற்காகக் கத்துகிறோம் என்று அதற்குத் தெரியாது. பக்கத்தில் மயிலைக் கேட்டது.

"என்ன வந்திருக்கு?"

"தெரியாது! நீ கத்துனே, நான் கத்துறேன்!"

"நீ கத்துனேன்னுதானே நான் கத்துறேன்!"

மான்கள் முதலில் கிழக்கே ஓடின. எதிரே மயில் ஓடி வருவதைப் பார்த்துத் திரும்பி மேற்கே ஓடின. மேற்கே இருந்தது சிறுத்தை. இத்தனை மான்கள் தன்னைத் தேடி ஓடிவந்து அது பார்த்ததே இல்லை. வேட்டையா, சண்டையா என்று புரியாமல் பாறை மேல் தாவி ஏறிக்கொண்டது. சிறுத்தையை மூக்குக்கு நேரே கண்ட மான்கள் அலறித் திரும்பின. திரும்பியவை சரளைக்கல் வழியாகவே ஓடின.

செங்கண்ணன் இறக்கையை விரித்து முட்டைகளின் மேல் நின்று பார்த்தது. எத்தனை கால்களைத் தடுக்க முடியும்? தூசி அடங்கியபோது பள்ளத்தில் இரண்டு முட்டைகள்தான் முழுசாக இருந்தன. மூன்றாவது குளம்படியில் நசுங்கிக் கிடந்தது.

பூம்பொறி தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டு வந்தது.

"அக்கா, மன்னிச்சிரு. யார் காலுன்னு தெரியல. என் காலாக்கூட இருக்கலாம்."

பூம்பொறி வெகுநேரம் நின்றுவிட்டுப் போயிற்று.

அன்றைக்குக் காடே சண்டை போட்டது. குடிகள் போட்ட கூச்சலில் தன் குரல் அடிபட்டுப் போனதாக உச்சியப்பன் சொன்னது. அரசு கத்தச் சொல்லித்தானே கத்தினோம் என்று குடிகள் கேட்டன. இரண்டு பக்கமும் உண்மை இருந்தது. உண்மை இருந்து என்ன செய்ய? முட்டை திரும்பி வரவில்லை.

"வாயை மூடிட்டு இருந்தேன், ஒண்ணு போச்சு," என்றது மஞ்சக்காலி. "வாயைத் திறந்தேன், இன்னொண்ணு போச்சு. இனி நான் என்னதான் பண்றது, சொல்லுங்க?"

செங்கண்ணன் யோசித்தது. "பாதி கத்திப் பார்ப்போமா?"

"பாதின்னா எப்படி?"

"அதான் தெரியல."

மறுநாள் காலை மஞ்சக்காலி மருதமரத்தடிக்குப் போயிற்று. முறையிட அல்ல, சண்டை போட. உச்சியப்பன் இலை தின்றுகொண்டிருந்தது. மந்திகள் பாதி தின்னும், பாதியைக் கீழே போடும். கீழே பூம்பொறி நின்று அந்த இலைகளைப் பொறுக்கித் தின்றது.

"அவ்வளவு உசரத்துல உக்காந்து என்னத்தைத்தான் பாக்குறீங்க ஐயா?" என்று மஞ்சக்காலி ஆரம்பித்தது.

உச்சியப்பன் எதிர்ச்சண்டைக்கு வரவில்லை. தாழ்ந்த கிளைக்கு இறங்கி வந்து உட்கார்ந்தது. அதன் கண்ணும் தூங்காமல் சிவந்திருந்தது.

"எல்லாத்தையும் பாக்குறேன் தாயி. குளம் தெரியுது. மான் எங்க மேயுதுன்னு தெரியுது. எந்தப் பக்கம் வழி இருக்கு, எந்தப் பக்கம் பாறைன்னு தெரியுது. புல்லுக்குள்ள என்ன இருக்குன்னு மட்டும் தெரியல. அது வெளிய வந்தாத்தான் தெரியுது. அதுக்குள்ள எல்லாம் முடிஞ்சிடுது."

"எனக்குப் புல்லுக்குள்ள இருக்கறது மட்டுந்தான் தெரியும். வேற எதுவும் தெரியாது."

மஞ்சக்காலி போட வந்த சண்டை எங்கேயோ நழுவிவிட்டது.

"அன்னைக்கு நரி வந்தப்போ நான் உங்ககிட்ட ஓடி வந்தேனே, அது தெரிஞ்சுதா?"

"மரத்தடிக்கு வர்ற வரைக்கும் தெரியல. நீ தரையில நின்னா கல்லா, குருவியான்னு கண்டுபிடிக்க முடியாது. பறந்தா தெரியும். றெக்கையில வெள்ளைக் கோடு இருக்குல்ல? அது பளிச்சுன்னு தெரியும்."

மஞ்சக்காலி தன் இறக்கையை விரித்துப் பார்த்தது. மடக்கியது. மறுபடி விரித்தது. அதன் தலைக்குள் ஏதோ மெதுவாக அசைந்தது.

"அப்ப நான் வந்ததுதான் தப்பு," என்றது.

"என்ன?"

"நரியை அங்க விட்டுட்டு, சேதியை மட்டும் இங்க கொண்டாந்தேன். இங்க வந்தா எனக்கே எடம் மறந்துபோச்சு! நான் வராம, நரி தலைக்கு மேலயே சுத்தியிருந்தா?"

"நான் பாத்திருப்பேன்," என்றது உச்சியப்பன். உடனே தலையைச் சொறிந்தது. "நரியை இல்ல. உன்னை."

"என்னைப் பாத்தா போதாதா?"

"போதாது தாயி. என் கண்ணால பாக்கணும்னு உத்தரவு."

"உங்க கண்ணு புல்லுக்குள்ள போகாதே! என் கண்ணு போகுமே!"

"உன் கண்ணை எப்படி நம்புறது? எருமை மூச்சு விட்டதுக்குக் கத்துனவ நீ!"

அது சுருக்கென்று தைத்தது. மஞ்சக்காலி தரையைப் பார்த்தது.

"இனிமே எருமைக்குக் கத்த மாட்டேன்."

"அணிலுக்கு?"

"அணிலுக்கும் மாட்டேன்."

"காத்துல சருகு பறந்தா?"

"அது மட்டும்..."

"சருகு!"

"சரி ஐயா. சருகுக்கும் கத்தல."

உச்சியப்பன் வெகுநேரம் யோசித்தது. பிறகு சொன்னது: "நீ சருகை விடுறே. நான் என் கண்ணுதான் கண்ணுங்கறதை விடுறேன். நீ எது மேல சுத்துறியோ, அதை நான் பாத்த மாதிரியே வச்சிக்கிறேன். எந்தப் பக்கம்னு மட்டும் நான் கத்துறேன்."

கீழே இலை தின்றுகொண்டிருந்த பூம்பொறி நிமிர்ந்தது. "அப்ப நாங்க?"

"நீங்க யாரும் கத்தாதீங்க. ஓடாதீங்க. எந்தப் பக்கம்னு நான் சொல்றதைக் கேட்டுட்டு நடங்க."

"நடக்கவா? சிறுத்தை வரும்போதா? எனக்குப் புரியுது. எங்க காலுக்குப் புரியணுமே!"

மூன்றும் மகாராணியிடம் போய்ச் சொல்லின. மகாராணி ஒரு தடவை கேட்டது, இன்னொரு தடவை கேட்டது. காதை விசிறிக்கொண்டது.

"கத்தணுமா, கூடாதா? ஒரு வார்த்தையில சொல்லுங்க!"

"ஒரு வார்த்தையில சொல்ல முடியாது ராணியம்மா," என்றது உச்சியப்பன்.

"அப்படின்னா எனக்குத் தலை சுத்துது. செஞ்சு காட்டுங்க. அப்புறம் உத்தரவு போடுறேன்."

இந்தத் தடவை ஆரவாரம் இல்லை. அணிலுக்கும் மயிலுக்கும் ஏதோ அரைகுறையாக விளங்கியது. மஞ்சக்காலிக்குமே முழுசாக விளங்கியது என்று சொல்ல முடியாது.

எட்டு நாள் போயிற்று. முட்டைகளுக்குள்ளிருந்து மெல்லிய கீச்சுச் சத்தம் வர ஆரம்பித்தது. இன்றோ நாளையோ ஓடு உடையும். செங்கண்ணன் முட்டைகளை விட்டு நகரவே இல்லை. மஞ்சக்காலி ஓடைப்பக்கம் இரை பொறுக்கிக்கொண்டிருந்தது.

கோரைப்புல் அசைந்தது.

காற்றா? சருகா? சருகுக்குக் கத்த மாட்டேன் என்று வாக்குக் கொடுத்தாயிற்று. எருமையா? எருமைக்கும் கத்தக் கூடாது. முன்பு எல்லாவற்றுக்கும் கத்தியபோது இந்தக் கஷ்டம் இல்லை. இப்போது பார்த்துத் தொலைக்க வேண்டியிருக்கிறது. மஞ்சக்காலி கழுத்தை நீட்டிப் பார்த்தது. ஒன்றுமில்லை. இன்னொரு தடவை பார்த்தது. புல்லின் நிழலுக்குள் ஒரு புள்ளி இருந்தது. அந்தப் புள்ளிக்குப் பக்கத்தில் ஒரு மஞ்சள் கண் இருந்தது.

மஞ்சக்காலி எழும்பியது. மரத்துக்குப் போகவில்லை. சிறுத்தையின் தலைக்கு நேர் மேலே போய்ச் சுற்றியது.

"கீக்! கீ-கீ-கீக்!"

"ஏய், போடி அந்தப் பக்கம்!" என்று சிறுத்தை பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னது. "எருமைன்னு நெனச்சிக்கோ! போ!"

மஞ்சக்காலி போகவில்லை. சிறுத்தையின் பாதம் ஒரு வீச்சு வீசியது. வால் இறகு ஒன்று பிய்ந்து காற்றில் போயிற்று.

மருதமரத்தில் சத்தமே இல்லை. மறந்துவிட்டதா? நம்பவில்லையா? ஓடிப்போய் மரத்தடியில் நின்று கேட்டுவிட்டு வரலாமா என்று இறக்கை தவித்தது. போனால் இந்த இடம் போய்விடும். அது பல்லைக் கடித்துக்கொண்டு, அதாவது பல் இல்லாததால் அலகைக் கடித்துக்கொண்டு, அங்கேயே சுற்றியது.

உச்சியப்பன் மறக்கவில்லை. அதன் கண்ணுக்குப் புல்லும், புல்லுக்கு மேலே ஒரு வெள்ளைக் கோடும்தான் தெரிந்தன. சிறுத்தை தெரியவில்லை. பொய்ச் சத்தமாக இருந்தால் உச்சிக்கிளைப் பதவி போய்விடும். அது கண்ணை மூடிக்கொண்டு கத்தியது.

"கக்! கக்! வடக்கு ஓடை! வடக்கு ஓடை! எல்லாரும் தெக்க நடங்க! ஓடாதீங்க!"

அணில் வாயைத் திறந்தது, தன் வாலாலேயே பொத்திக்கொண்டது. மயில் ஒரு கத்தலை விழுங்கிவிட்டு விக்கியது. மான்கள் தலையைத் தூக்கின. கால்கள் எல்லாம் துடித்தன. பூம்பொறி முன்னால் போய் நின்றது. "நடங்க! என் பின்னாடி நடங்க!" மான்கள் நடந்தன. அவ்வளவு பயத்தில் யாரும் அவ்வளவு மெதுவாக நடந்திருக்க மாட்டார்கள்.

மேலே சுற்றிக்கொண்டிருந்த மஞ்சக்காலி அதைப் பார்த்துவிட்டு நடுங்கிப் போயிற்று. தெற்கே இருந்தது சரளைக்கல். சரளைக்கல்லில் இருந்தன முட்டைகள்!

பறந்து போய் மான்களின் முகத்தில் இறக்கையால் அடிக்கலாம். போனால் சிறுத்தை இருக்கும் இடம் யாருக்கும் தெரியாது. இங்கேயே இருந்தால் முட்டைகள் போய்விடும். அது பாதி தூரம் திரும்பியது, மறுபடி வந்தது. மறுபடி திரும்பியது. என்ன செய்வதென்று தெரியாமல் வானத்திலேயே அழுதது. அழுதுகொண்டே சிறுத்தையின் தலைக்கு மேல் வந்து நின்றுகொண்டது.

"பூம்பொறி!" என்று உச்சியிலிருந்து குரல் வந்தது. "முன்னாடி சரளைக்கல்லு! செங்கண்ணன் றெக்கையை விரிச்சிருக்கான் பாரு! ரெண்டா பிரிஞ்சு போங்க!"

பூம்பொறி நின்றது. நான்கு காலையும் அகட்டி முட்டைகளுக்கு முன்னால் நின்றுகொண்டது. கூட்டம் அதன் இரண்டு பக்கமும் பிரிந்து, ஒவ்வொன்றாக, தள்ளி நடந்து போயிற்று. பூம்பொறியின் வயிற்றுக்குக் கீழே செங்கண்ணன் இறக்கையை விரித்தபடி கண்ணை மூடியிருந்தது.

சிறுத்தை புல்லை விட்டு வெளியே வந்தது. தலைக்கு மேலே ஒரு குருவி. மரத்தின் மேலே ஒரு மந்தி. தூரத்தில் இருபது மான்கள் திரும்பி நின்று அதையே பார்த்துக்கொண்டிருந்தன.

"எல்லாக் கண்ணும் என் மேல இருக்கு. இனி பதுங்கி என்ன பிரயோஜனம்?" என்று முணுமுணுத்துக்கொண்டு அது பாறைகளைத் தாண்டிப் போய்விட்டது.

மறுநாள் இரண்டு முட்டைகளும் பொரிந்தன.

மகாராணி வேழம்மை உத்தரவு போட நேரிலேயே வந்தது. புல்வெளி முழுக்கக் கூட்டம்.

"ஒரே ஒரு விஷயம் மட்டும் தெளிவாகணும்," என்றது மகாராணி. "காட்டைக் காக்குறது யார் வேலைன்னு போடுறது? அரசு வேலையா? குடிகள் வேலையா?"

"என் வேலைதான் ராணியம்மா," என்றது உச்சியப்பன்.

"என் வேலைங்க," என்றது மஞ்சக்காலி.

"நடந்தது நாங்க!" என்றது பூம்பொறி.

"ஒரு வேலை, மூணு பேரா?" மகாராணி குழம்பிப் போய் ஓரடி முன்னால் எடுத்து வைத்தது.

"கீக்!"

மிகச் சின்னக் குரல். பிறந்து ஒரு நாள் ஆன குரல். மகாராணியின் கால் அந்தரத்தில் நின்றது. கீழே என்ன இருக்கிறது என்று அதற்குத் தெரியவில்லை. யானையின் கண்ணுக்குத் தன் கால் அடி தெரியாது.

"ராணியம்மா, காலை அப்படியே வச்சிக்கோங்க!" என்று அந்தக் குரலைக் கேட்ட உச்சியப்பன் மரத்திலிருந்து கத்தியது. "இப்ப பின்னால எடுங்க! இன்னும் பின்னால!"

மகாராணி காலைப் பின்னால் எடுத்து வைத்தது. அது மிதிக்க இருந்த இடத்தில் இரண்டு குஞ்சுகள் ஒன்றையொன்று ஒட்டிக்கொண்டு நின்றன. மஞ்சக்காலி ஓடிவந்து அவற்றைத் தன் இறக்கைக்குள் வாரிக்கொண்டது.

மகாராணி குனிந்து குஞ்சுகளைப் பார்த்தது. நிமிர்ந்து மந்தியைப் பார்த்தது. கடைசியில் தன் காலைப் பார்த்தது.

"குரலைக் கேட்டு நின்னது நான்," என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டது. "கேக்காம கால வச்சிருந்தா, மத்த ரெண்டு பேரும் கத்தி என்ன ஆகியிருக்கும்?"

அன்றைக்கு அது உத்தரவு எதுவும் போடவில்லை.

ஊருக்கான காரியத்தை அரசே செய்யட்டும் என்று குடிகள் ஒதுங்கினாலும் கெடும், நாங்களே பார்த்துக்கொள்கிறோம் என்று எல்லாரும் கூச்சல் போட்டாலும் கெடும். கிட்ட இருப்பவர் கண்டதைக் காட்டி, மேலே இருப்பவர் அதை நம்பி வழி சொல்லி, மற்றவர் அதைக் கேட்டு நடந்தால்தான் அந்தக் காரியம் நடக்கும்.